பெயர்ப்பலகைக்கு ஒரு கேமரா

அரியமுத்துவின் வீட்டுக் கேட்டுக்குப் பக்கத்தில், பஸ்ஸில் வருகிறவர்களுக்கும் தெரிகிற மாதிரி பக்கவாட்டில் திரும்பியபடி ஒரு பெயர்ப்பலகை இருந்தது. வீட்டைக் கட்டியவர் அவன் அப்பா பெரியசாமி. வரி கட்டுகிறவரும் அவர்தான். பலகையில் மட்டும் மகன் பெயர். நீலத் தகரத்தில் வெள்ளை எழுத்து. 'அரியமுத்து' என்பது தமிழில், பக்கத்தில் ஆங்கிலத்தில் பி.எஸ்ஸி. பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த ஆர்ட்டிஸ்ட்டிடம் பெரியசாமி சொன்னது இவ்வளவுதான்: "பேரு சின்னதா இருந்தாப் போதும். படிப்பு பெருசா தெரியணும்." ஆர்ட்டிஸ்ட் சொன்னபடியே செய்துவிட்டார். தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு அந்த வீட்டில் பி.எஸ்ஸி. என்று ஒருவர் குடியிருப்பதாகத்தான் தோன்றும்.

வீடு வேப்பந்தட்டை போகும் சாலையில் இருந்தது. பஸ் நிற்கும் இடம் சரியாக அந்தக் கேட்டுக்கு முன்னால். பஸ் வரும்வரை நிற்கிறவர்களுக்கு அங்கே படிப்பதற்கு வேறு ஒன்றும் கிடையாது.

அந்த மூன்று எழுத்தை அரியமுத்து அரியலூரில் வாங்கினான். அவன் கல்லூரியில் சேர்ந்தபோது அரியலூர் தனி மாவட்டம். முதல் வருடம் முடிவதற்குள் அதை மறுபடியும் பெரம்பலூரோடு சேர்த்துவிட்டார்கள். தான் கால் வைத்த நேரம்தான் காரணம் என்று கூடப் படித்தவர்களிடம் அவனே சொல்லிக்கொண்டு திரிந்தான். எடுத்த பாடம் கணினி அறிவியல். லேபில் ஒரு கம்ப்யூட்டருக்கு நான்கு பேர். குள்ளமானவன் என்று அவனை முன்னால் உட்கார விடுவார்கள். கீபோர்டு மட்டும் பின்னால் நிற்கிற நெட்டையன் கையில் இருக்கும். மூன்று வருடத்தில் அவன் கம்ப்யூட்டர் திரையை மிக நன்றாகப் பார்த்திருந்தான்.

படிப்பு முடிந்தது 2004இல். அதன் பிறகு வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்தான். மெட்ராஸுக்கு மூன்று முறை இண்டர்வியூவுக்குப் போனான். மூன்றிலும் 'உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்' என்று ஆங்கிலத்தில் கேட்டார்கள். தன்னைப் பற்றிச் சொல்ல அவனிடம் தமிழிலேயே அதிகம் இல்லை. பெரம்பலூரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் ஐந்து மாதம் சொல்லிக்கொடுத்தான். அந்த சென்டரை மூடிவிட்டார்கள். காரணம் அவன் இல்லை என்று எல்லோரும் ஆறுதல் சொன்னார்கள். யாரும் கேட்காமலே அப்படிச் சொன்னதுதான் அவனுக்குச் சந்தேகமாக இருந்தது.

2006 ஆடி மாதத்தில் ஒரு நாள் காலை, பலகையில் யாரோ சாணியைப் பூசியிருந்தார்கள்.

பெரியசாமி தோளில் கிடந்த துண்டாலேயே துடைத்தார். பத்து நாள் கழித்து மறுபடியும். ஆடி முடிவதற்குள் நான்கு தடவை ஆகிவிட்டது. நான்கிலும் ஒரே மாதிரி. அரியமுத்து என்ற பெயரில் ஒரு துளி பட்டிருக்காது. பி.எஸ்ஸி. மட்டும் இருந்த இடம் தெரியாமல் போயிருக்கும்.

பெரியசாமி இரண்டு நாள் கேட்டருகே கட்டில் போட்டுப் படுத்துப் பார்த்தார். எறையூர் ஆலைக்குக் கரும்பு வெட்டி அனுப்புகிற நாட்களில் உடம்பு அலுத்துப்போகும். ஆள் நன்றாகத் தூங்கினார். மூன்றாம் நாள் டீக்கடையில் எல்லோர் முன்னாலும் மகனைக் கேட்டார்.

"ஏண்டா, இவ்வளவு படிச்சிருக்கியே. இத யாரு பண்றான்னு கண்டுபிடிக்க ஒரு வழி கிடையாதா?"

அரியமுத்து பேசாமல் டீயைக் குடித்திருக்கலாம். கடையில் ஏழெட்டுப் பேர் அவன் வாயையே பார்த்தார்கள். இரண்டு வருடத்தில் அவன் வாயை யாரும் அப்படிப் பார்த்ததில்லை.

"இதுக்கெல்லாம் இப்ப கேமரா இருக்குப்பா," என்றான்.

அதுவரை அவன் ஒரு கண்காணிப்புக் கேமராவை நேரில் கண்டதில்லை.

அதோடு நிறுத்தவில்லை. அன்று மதியமே ஒரு நோட்டை எடுத்து உட்கார்ந்து துப்புத் துலக்கினான். பெயரை விட்டுவிட்டுப் பட்டத்தை மட்டும் பூசியிருப்பதால், பூசியவனுக்கு ஆங்கில எழுத்துத் தெரியும். ஆகவே படித்தவன். இந்த முடிவுக்கு வந்தபோது அவனுக்கு உடம்பு சிலிர்த்தது. தெருவில் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் எல்லோர் பெயரையும் அடித்தான். அவன் அம்மா பாப்பாயி இன்னும் கைநாட்டுத்தான். அவள் பெயரை எழுதவே இல்லை, அடிக்கவும் இல்லை. கடைசியில் மிஞ்சியவர் எதிர்ச்சாரியில் வீட்டோடு சேர்த்து மாவு மில் வைத்திருந்த குருநாதன். அவர் அந்தக் காலத்துப் பி.யூ.சி., ஒரு பாடத்தில் தவறியவர். தவிரவும், பலகை மாட்டிய அன்று மில் வாசலில் நின்று அவர் சொன்னதை அரியமுத்து மறக்கவில்லை.

"பரவாயில்லையே பெரியசாமி. போர்டு காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் ஒரே எடத்துல நின்னு வேல பாக்குது. இனிமே ஆளுதான் போகணும்."

பெரம்பலூரில் அப்போது கேமரா விற்ற கடை ஒன்றுதான் அவனுக்குத் தெரியும். டி.வி., டெக், மைக்செட் எல்லாவற்றுக்கும் நடுவே ஒரு கண்ணாடி அலமாரியில் நான்கு கேமராக்கள் இருந்தன. கடையில் இருந்தவர் பெயர் ஜான் பீட்டர், வரதராஜன்பேட்டைக்காரர். அவர் விஷயத்தைப் பொறுமையாகக் கேட்டார்.

"என்ன தம்பி திருடு போவுது?"

"திருடு இல்லைங்க. போர்டுல சாணி பூசுறாங்க."

அவர் முகத்தில் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. அலமாரியிலிருந்து ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தார். பார்க்கக் கேமரா மாதிரியே இருந்தது. முன்னால் ஒரு சிவப்பு விளக்கு மினுக்கியது.

"இது போதும் உங்களுக்கு. டம்மி. உள்ள ரெண்டு பேட்டரிதான். லைட்டப் பாத்தாலே வர்றவன் திரும்பிப் போயிருவான். நெறைய பேரு இதத்தான் வாங்குறாங்க."

நல்ல மனிதர் நல்ல யோசனை சொன்னார். அரியமுத்துவுக்குத்தான் சுருக்கென்றது. உள்ளே ஒன்றும் இல்லாமல் வெளியே விளக்கு மட்டும் எரிகிற ஒரு பெட்டியைத் தனக்கு ஏன் அவர் முதலில் எடுத்துக் காட்டினார் என்று யோசித்தான்.

"ஒரிஜினல் காட்டுங்க," என்றான்.

கலர் ஒன்று இருந்தது. அது இருட்டில் வேலைக்காகாது. கறுப்பு வெள்ளை ஒன்று இருந்தது. லென்ஸைச் சுற்றி சின்னச் சின்ன விளக்குகள் வைத்தது, இருட்டிலும் பார்க்கும். அரியமுத்து நோட்டைத் திறந்து, பிரௌசிங் சென்டரில் குறித்துக்கொண்டு வந்த கேள்விகளை வரிசையாகக் கேட்டான். பதில் சரியா தப்பா என்று அவனுக்குத் தெரியாது. ஒவ்வொரு பதிலுக்கும் தலையை ஆட்டி டிக் போட்டான்.

"லென்ஸ் எது வேணும் தம்பி? மூணரை எம்.எம். இருக்கு, எட்டு எம்.எம். இருக்கு."

அரியமுத்து படித்த பள்ளிக்கூடத்திலும் கல்லூரியிலும் எண் பெரிதாக இருந்தால் அது நல்லது.

"எட்டே குடுங்க."

"எட்டுன்னா தூரத்துல இருக்கிறது நல்லாத் தெரியும். வூட்டு வாசலுக்குன்னா மூணரைதான்..."

"எட்டுதாங்க வேணும்," என்றான், எல்லாம் யோசித்து வந்தவன் குரலில். ஜான் பீட்டர் வியாபாரி. எட்டைக் கொடுத்துவிட்டார். பதிவு செய்வதற்கு, வாடகைக்கு விட்டு ஓய்ந்துபோன ஒரு பழைய வீடியோ டெக்கையும் தள்ளிவிட்டார். அதில் ஒரு கேசட் மூன்று மணி நேரம் ஓடும்.

கேமராவை முன்வாசல் சன்ஷேடுக்குக் கீழே பொருத்தினான். வயரை இழுத்து டி.வி.க்குக் கொடுத்தான். படம் வந்தது. எதிரே சாலை, சாலைக்கு அந்தப் பக்கம் குருநாதனின் மில். மில் கதவில் தொங்குகிற பூட்டின் துவாரம்கூடத் தெரிந்தது. சொந்த வீட்டுக் கேட் பாதிதான். பலகை, திரையின் இடது ஓரத்தில் ஒரு சாண் அளவு எட்டிப் பார்த்தது. கேமராவைக் கொஞ்சம் திருப்பியிருக்கலாம். ஆனால் திருப்பினால் மில் போய்விடும். வருகிறவன் மில்லிலிருந்துதானே வரப்போகிறான்?

பாப்பாயி வந்து பார்த்தாள். "இது எங்கப்பா பாக்குது?"

"ரோட்டம்மா. ரோட்ல யாரு வந்தாலும் விட்டுவெக்காது."

அவள் சந்தனம் கரைத்து வந்து, புது மோட்டார், புது கலப்பை எதற்கும் வைக்கிற மாதிரி அதற்கும் பொட்டு வைத்துக் குங்குமமும் இட்டாள். நேராகக் கண்ணாடியின் நடுவில். முதல் நாள் கேசட் முழுக்க ஒரு பெரிய வட்டம்தான் ஓடியது. அரியமுத்து அதைத் துடைத்துவிட்டு, பொட்டைக் கேமராவின் முதுகுக்கு மாற்றினான்.

தினமும் காலை நாலரைக்கு அலாரம் வைத்து எழுந்து டெக்கின் பட்டனை அமுக்கிவிட்டு மறுபடி படுப்பான். வெயில் ஏறியபின் கேசட்டை வேகமாக ஓடவிட்டுப் பார்ப்பான். நாலரையிலிருந்து ஐந்துவரை ஒன்றும் இருக்காது. பிறகு பாப்பாயி சாணி வாளியோடு வந்து வாசல் தெளிப்பாள், கோலம் போடுவாள். வேகத்தில் அவள் பொம்மைபோலத் தாவித் தாவிப் போவாள். அந்த இடத்தை அவன் இன்னும் வேகமாக ஓட்டுவான். பிறகு முதல் பஸ். பிறகு பால்காரர். இரண்டு வாரம் இதையே பார்த்தான். தினமும் மூன்று மணி நேரத்தை இருபது நிமிடத்தில் முடிக்கும் அந்தக் காரியம் அவனுக்கு ஆபீஸ் போய் வந்த திருப்தியைக் கொடுத்தது.

மூன்றாம் வாரம் செவ்வாய்க்கிழமை பலகையில் சாணி.

அரியமுத்து டிபன்கூடச் சாப்பிடாமல் டெக்கின் முன்னால் உட்கார்ந்தான். ஓட்டினான். ஐந்தேமுக்கால் வாக்கில், அதோ, மில்லிலிருந்து குருநாதன் இறங்கி வந்தார். சாலையைக் கடந்தார். கேட்டுக்கு முன்னால் நின்றார். திரும்பிப் போனார்.

"அப்பா, ஆளு மாட்டிக்கிட்டாரு," என்று கத்தினான்.

பெரியசாமி நடுரோட்டில் போய் நின்றார். "குருநாதா, நீ செஞ்சதெல்லாம் படமா இருக்குடா எங்கிட்ட."

குருநாதன் மாவு படிந்த புருவத்தோடு வெளியே வந்தார். "என்ன படம்?"

"எம்மவன் போர்டுல சாணி பூசுன படம்."

"உன் போர்டுல நான் எதுக்குடா மெனக்கெட்டு சாணி பூசணும்? அது சும்மா இருந்தாலே பாக்கச் சகிக்கல."

"ஸ்டேஷன்ல வந்து சொல்லு."

ஸ்டேஷன் என்றதும் குருநாதனின் மனைவி சாந்தா உள்ளேயிருந்து வந்து அவர் கையைப் பிடித்தாள். அறுபது வயதில் அந்த மனிதர் போலீஸ் ஸ்டேஷன் படி மிதித்ததில்லை. அவர் உள்ளே போய் மில் கதவைச் சாத்தினார். பகலில் அந்தக் கதவு சாத்தி அரியமுத்து பார்த்ததே இல்லை. பாப்பாயி மட்டும் அன்று முழுக்க, "போலீசெல்லாம் எதுக்குங்க, விட்டுத்தொலைங்க," என்று புருசன் பின்னாலேயே சுற்றினாள். பெண்பிள்ளைக்கு என்ன தெரியும் என்றார் பெரியசாமி. அரியமுத்துவும் அப்படித்தான் நினைத்தான், வாய்விட்டுச் சொல்லவில்லை.

மறுநாள் காலை பெரியசாமி வெள்ளைச் சட்டையைத் தேய்க்கக் கொடுத்துவிட்டு, புகாரை எழுதச் சொன்னார். அரியமுத்து 'உயர்திரு காவல் ஆய்வாளர் அவர்களின் மேலான சமூகத்திற்கு' என்று தொடங்கினான். அந்த வரி அழகாக வந்துவிட்டது. அடுத்து சம்பவம் நடந்த நேரம். ஐந்தேமுக்கால் வாக்கில் என்று எழுதினால் படித்தவன் எழுதியது போல இருக்காது. நிமிடம் வேண்டும். படத்தில் கடிகாரம் கிடையாது. பட்டன் அமுக்கிய நாலரைக்கு வாட்சைத் திருப்பி வைத்துக்கொண்டு, கேசட்டை முதலிலிருந்து நிஜ வேகத்தில் ஓடவிட்டுப் பார்த்தால்தான் உண்டு. கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தான்.

நிஜ வேகத்தில் பார்த்தபோது அம்மா பொம்மைபோலத் தாவவில்லை. மெதுவாகத்தான் நடந்தாள். வாளியை வைத்துவிட்டு இடுப்பில் ஒரு கை கொடுத்துச் சற்று நின்றாள். தெளித்தாள். குனிந்து கோலம் போட்டாள். பிறகு வாளியோடு திரையின் இடது ஓரத்துக்குப் போனாள். அங்கே அவள் உடம்பு தெரியவில்லை, கை மட்டும் தெரிந்தது. கை வாளிக்குள் போனது. வெளியே வந்தது. பலகையின் கடைசி மூன்று எழுத்தின்மேல், சுவர் மெழுகுகிற மாதிரி நிதானமாகப் போய் வந்தது. கொஞ்சம் சாணி பக்கத்தில் பெயர்மேல் பட்டது. புறங்கையால் அதைத் துடைத்துவிட்டது.

அரியமுத்து வாட்சைப் பார்த்தான். ஐந்து பதினெட்டு. நிமிடம் கிடைத்துவிட்டது.

குருநாதன் ஐந்து நாற்பத்தாறுக்கு வந்தார். ஏற்கெனவே பூசியிருந்த பலகையைப் படித்தார். சிரித்தார். போனார். சிரித்ததற்கு எந்தச் சட்டத்திலும் பிரிவு இல்லை.

பாப்பாயி கொல்லையில் வாளி கழுவிக்கொண்டிருந்தாள். அவன் பக்கத்தில் போய் நின்றான்.

"ஏம்மா, செவ்வாக்கெழம காலையில போர்டுகிட்ட என்னம்மா பண்ணுன?"

அவள் நிமிர்ந்தாள். "அது ரோட்டத்தான் பாக்கும்னு சொன்ன?"

"ஓரத்துல கொஞ்சம் விழுந்திருக்கு."

அவள் வாளியைக் கவிழ்த்து வைத்தாள். "பஸ்ஸுக்கு நிக்கிறவளுவ தண்ணி கேட்டு உள்ள வர்றாளுவ. குடிச்சமா போனமான்னு இல்லாம, புள்ள எங்க வேல பாக்குதுங்கிறாளுவ. ஒருத்திகிட்ட மெட்ராசுன்னேன். ஒருத்திகிட்ட பெங்களூருன்னேன். ஒரு நா ரெண்டு பேரும் சேந்து வந்து நிக்கிறாளுவ. நான் என்னத்தச் சொல்றது?"

"உனக்கு இங்கிலீசு எழுத்து எப்படித் தெரியும்?"

"அந்த மூணு எழுத்து எனக்குத் தெரியாதா? மூணு வருசம் களையெடுத்துப் பீசு கட்டுன எழுத்து." புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "குருநாதண்ணன் மேல பழி விழும்னு நெனைக்கலப்பா. நானே சொல்லிரலாம்னுதான் பாக்குறேன். உங்கப்பா அந்தப் போர்டு மாட்டுன அன்னிக்கு எப்படி இருந்தாருன்னு நீ பாத்தல்ல? எங்கையாலதான் பூசுனேன்னு எப்படிச் சொல்லுவேன்?"

முன்வாசலில் பெரியசாமியின் குரல் கேட்டது. "எழுதியாச்சாடா?"

அரியமுத்து உள்ளே போனான். முதலில் கேசட்டைப் பின்னால் ஓட்டி, அதன்மேலேயே டி.வி.யில் ஓடிக்கொண்டிருந்த விவசாயம் பற்றிய ஏதோ நிகழ்ச்சியைப் பதிவாக விட்டான். பிறகு வாசலுக்குப் போனான். பெரியசாமி தேய்த்த சட்டையைப் போட்டுக் கடைசிப் பட்டனை மாட்டிக்கொண்டிருந்தார்.

"அவரு இல்லப்பா. நான்தான் பூசுனேன்."

பட்டனில் இருந்த விரல் நின்றது. "நீயா? எதுக்கு?"

"வேல இல்லாம அப்படி எழுதி வெச்சிருக்கிறது வெக்கமா இருந்துச்சு. போறவன் வர்றவன்லாம் படிக்கிறான்."

பொய் சொல்லப் போகிறோம் என்றுதான் வாயைத் திறந்தான். சொல்லி முடித்தபோது அதில் பொய்யாக இருந்தது சாணி மட்டும்தான்.

'நீயாவது, செய்யறதாவது' என்று ஒரு வார்த்தை சொல்வார் என்று அரியமுத்து எதிர்பார்த்தான். ஒரு நொடியாவது சந்தேகப்படுவார் என்று பார்த்தான். அவர் சந்தேகப்படவே இல்லை. அப்படியே நம்பினார்.

"அப்ப கேமரா எதுக்குடா வாங்குன?"

அரியமுத்து மூன்று இண்டர்வியூவிலும் நின்றதுபோலவே நின்றான்.

பெரியசாமி தேய்த்த சட்டை வீணாக வேண்டாம் என்பதுபோல அதே சட்டையோடு மகனை இழுத்துக்கொண்டு சாலையைக் கடந்தார். மில் கதவைத் தட்டினார். குருநாதன் திறந்தார்.

"குருநாதா, தப்பு எம்மேல. இவன்தானாம்."

"நான்தாங்க மாமா. மன்னிச்சிருங்க."

குருநாதன் அவனைப் பார்த்தார். பிறகு அவன் தோளுக்கு மேலே, சாலைக்கு அந்தப் பக்கம் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற பாப்பாயியைப் பார்த்தார். எதிர்வீட்டு வாசலில் காலையில் யார் வாளியோடு நிற்பார்கள் என்பது முப்பது வருடமாக மில் திறக்கிறவருக்குத் தெரியாமலா இருக்கும்? தெரிந்திருந்ததோ இல்லையோ, அவர் கேட்டது வேறு.

"சரி விடு. அந்தப் படத்துல நான் எப்படி விழுந்திருக்கேன்?"

"நல்லா விழுந்திருந்தீங்க மாமா."

"சாந்தா பாக்கணும்ங்கிறா. கொண்டாந்து போடு."

"அழிச்சிட்டேன்."

"என்னையும் சேத்தா?"

"ஆமாங்க மாமா."

குருநாதன் உண்மையாகவே வருத்தப்பட்டார். பழி விழுந்தபோதுகூட அவர் முகம் அப்படிச் சுருங்கவில்லை. "வாழ்க்கையில ஒரே ஒரு தடவ படத்துல வந்தேன். பெரியசாமி, உம்மவன் படிச்சும் பிரயோசனம் இல்லடா," என்று சொல்லிவிட்டு மில்லின் கதவை இரண்டு பக்கமும் அகலத் திறந்து வைத்தார்.

கேமராவைக் கழற்றவில்லை. அது அங்கேயே இருந்து மில்லைப் பார்த்துக்கொண்டிருந்தது. குருநாதன் காலையில் பூட்டைத் திறக்கும் முன் தலை சீவ ஆரம்பித்தார்.

கழற்றியது பலகையை. அன்று சாயங்காலம் பெரியசாமி ஸ்க்ரூ டிரைவரோடு கேட்டருகே நின்று, யாரையும் கூப்பிடாமல் தானே கழற்றினார். கழுவி, துடைத்து, சாப்பிட உட்காரும் இடத்துக்கு எதிர்ச் சுவரில் ஆணி அடித்து மாட்டினார்.

"வெளிய இருந்தாத்தான வெக்கம். உள்ள இருக்கட்டும். பாத்துக்கிட்டே சாப்புடு."

அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. பாப்பாயி மகனுக்குச் சோறு போட்டுக் கருவாட்டுக் குழம்பை ஊற்றினாள். அவன் முகத்தை அவள் பார்க்கவில்லை. ஆனால் தட்டில் வழக்கமாக விழுவதைவிட இரண்டு துண்டு அதிகமாக விழுந்தது. அரியமுத்து பி.எஸ்ஸி.யைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டான். வெட்கப்பட்டுச் சாணி பூசியதாகச் சொன்னவன் இன்றைக்கு ஒரு நாளாவது இரண்டாம் தடவை சோறு கேட்கக் கூடாது என்று அவனுக்குத் தோன்றியது. குழம்பு நன்றாக இருந்தது. கேட்டான்.